கட்டைவிரலும் கடிகாரக்காரர்களும்

ஆறு மாசமா இங்கே பதிவு எதுவும் போடவில்லை. உழவு நேரமா, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: நூல் சிக்கு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சித்திரை லீவுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வரும்போதே நீளமான அட்டைக் குழாய் ஒன்றும் சின்ன டப்பா ஒன்றும் கொண்டுவந்தான். டப்பாவுக்குள் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு ரீல். குழாய்க்குள் ஆறரை அடி ராடு.

"பெய்ட்காஸ்டிங் ரீல் மாமா. விராலுக்கு இதுதான் சரி. எங்க பக்கம் ஏரிகள்ல பசங்க இதை வச்சுத்தான் ரப்பர் தவளை வீசுறாங்க. நீங்களும் கையைச் சும்மா வச்சுக்கிட்டு இருக்காம பழகுங்க."

அவன் கையைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சோளத்தட்டை நறுக்குகிற மெஷினில் என் வலது கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. விரல் போகவில்லை. தையல் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஆனால் நுனியில் உணர்ச்சி கிடையாது. சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. விதையைக் கையில் எடுத்து ஊன்றினால் ஒன்று விழுந்ததா நாலு விழுந்ததா என்று குனிந்து பார்த்தால்தான் உண்டு. பால் கறக்கிற வேலை வீட்டம்மாவிடம் போய்விட்டது. ஒரு விவசாயிக்குக் கட்டைவிரல் என்ன என்பது அது போன பிறகுதான் தெரியும். அதை இங்கே எழுத அப்போது மனசு வரவில்லை.

எனக்குத் தெரிந்த தூண்டில் வேறு. மூங்கில் கழி, நரம்பு, தக்கைக்கு ஒரு துண்டு மயில் இறகுத் தண்டு, முள்ளில் மண்புழு. வீசுவது என்றெல்லாம் கிடையாது, கழி எட்டுகிற தூரத்தில் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். கெண்டை, கெளுத்தி, ஜிலேபி எல்லாம் வரும். விரால் அவ்வளவு பக்கத்தில் வராது.

சித்திரையில் கண்மாய் காய்ந்து கிடந்தது. அதனால் கிணற்றடியில் நின்று வெட்டவெளிப் பக்கமாக வீசினேன். தவளை பத்தடி போயிருக்கும். ரீலுக்குள் வண்டு பறந்த மாதிரி 'விர்ர்' என்று ஒரு சத்தம். பார்த்தால் நூல் மொத்தமும் பொங்கின சோறு மாதிரி ரீலுக்கு வெளியே நுரைத்துக்கொண்டு நிற்கிறது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதுக்கு பேக்லாஷ்னு பேரு மாமா. அமெரிக்காக்காரங்க குருவிக்கூடுன்னும் சொல்வாங்க. கட்டைவிரலை ஸ்பூல் மேல லேசா வச்சுக்கிட்டே விடணும். விரலுக்குத் தெரியும், எப்போ அழுத்தணும்னு."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் சுருங்கிப்போச்சு. கட்டைவிரலில் உணர்ச்சி இல்லாதவனுக்குக் கட்டைவிரலால் ஓட்டுகிற மெஷினை வாங்கிவந்திருக்கிறான். வீட்டம்மாதான் நிலைமையைச் சமாளித்தது: "துரோணர் மருமகன் ரூபத்துல வந்திருக்காரு, என்ன செய்ய!"

மூணு நாள் இருந்துவிட்டு அவன் ஊருக்குப் போய்விட்டான். ரீல் இங்கேயே கிடந்தது. எடுத்துப் பரணில் போட்டிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. இப்படி விரலை நம்பி நிற்கிற ஒரு பொறியை எந்த மனுசன் கண்டுபிடித்தான், ஏன்? ராத்திரி செல்போனை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, பகலில் வீசுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

முதலில் அது ஏன் சிக்காகிறது என்று சொல்லிவிடுகிறேன். பட்டம் விட்டவர்களுக்கு உடனே புரியும். நூல்கண்டுக்குள் ஒரு குச்சியைச் செருகி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால், பட்டம் இழுக்க இழுக்கக் கண்டு சுற்றி நூலை விடும். திடீரென்று காற்று நின்றால் பட்டம் இழுப்பதை நிறுத்திவிடும். கண்டு நிற்குமா? அது பாட்டுக்குச் சுற்றும். இழுக்க ஆளில்லாத நூல் அங்கேயே பொங்கிச் சிக்காகும். பெய்ட்காஸ்டிங் ரீலில் நடப்பதும் இதேதான். வீசின இரை காற்றில் போகப் போக வேகம் குறையும், ஆனால் ஸ்பூல் முதலில் வாங்கின வேகத்திலேயே சுற்றப் பார்க்கும். இறக்கத்தில் மாட்டைவிட வண்டி வேகமாக வருகிற கதை. அங்கே வண்டிக்காரன் கட்டையை அழுத்துவான். இங்கே அந்தக் கட்டை உங்கள் கட்டைவிரல்.

இதற்கு மாறாக நூல் கண்டு அசையாமல் நிற்க, நூல் மட்டும் நுனி வழியாகக் கழன்று போகிற ரீல் ஒன்று இருக்கிறது. கடைகளில் தொங்குகிற ரீல்களில் முக்கால்வாசி அதுதான். ஸ்பின்னிங் ரீல் என்கிறார்கள். அதில் சுற்றுகிற பொருளே இல்லாததால் இந்தப் பொங்கல் கிடையாது. அதையே வாங்கியிருக்கலாமே என்றால், விரால் ஆகாயத்தாமரைக்கும் அல்லிக்கும் நடுவில் கிடக்கிற மீன். அதைக் கொடியோடு கொடியாகப் பிடுங்கிக்கொண்டு வரத் தடித்த நூல் வேண்டும், உலக்கை மாதிரி இழுவை வேண்டும். நூல் நேராக உருளையில் ஏறுகிற ரீல்தான் அதற்குத் தோது.

இனி கதைக்கு வருகிறேன். தூண்டிலில் சக்கரம் வைத்து நூல் சுற்றுவது சீனர்கள் வேலை. சோங் அரச காலத்து ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைந்த ஒரு படத்தில், பனிக்கால ஏரியில் சின்னப் படகில் ஒருவர் தனியாகக் குந்தியிருக்கிறார். அவர் தூண்டிலில் சின்னதாக ஒரு சக்கரம். ரீலைக் காட்டுகிற மிகப் பழைய படங்களில் அது ஒன்று. இங்கிலாந்தில் 1651ல் தாமஸ் பார்க்கர் எழுதின தூண்டில் புத்தகத்தில் ரீல் பற்றிய பேச்சு வருகிறது. அந்த ரீல்களெல்லாம் நூலைச் சேர்த்துவைக்கிற உருளைகள், அவ்வளவே. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளையும் ஒரு சுற்று.

ஒரு சுற்றுக்குப் பல சுற்று சுற்றும்படி பல்சக்கரம் வைத்த ரீலை 1770 வாக்கில் லண்டனில் ஒனீசிமஸ் உஸ்டன்சன் என்ற தூண்டில் கடைக்காரர் விளம்பரம் செய்து விற்றார். யோசனை நல்ல யோசனைதான், ஆனால் அந்தக் காலத்துப் பல்சக்கரங்கள் சரியாகக் கடிக்காமல் சிக்கிக்கொள்ளும். அதனால் இங்கிலாந்துக்காரர்கள் பலர் பழைய ஒற்றைச் சுற்று ரீலையே வைத்துக்கொண்டார்கள்.

அந்த யோசனையை உருப்படியாக ஆக்கினது அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலம். கெண்டக்கி என்றதும் உங்களுக்குப் பொரிச்ச கோழிதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். அந்த மாநிலத்தில் பாரிஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் கடிகாரம் செய்கிறவர், வெள்ளி வேலையும் பார்ப்பார். 1810லிருந்து 1820க்குள் அவர் தனக்கும் தன் மீன்பிடி நண்பர்களுக்கும் பித்தளையில் ரீல் செய்தார்.

அவருக்கு ஏன் அந்தத் தேவை வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்தப் பக்கத்து ஓடைகளில் பாஸ் என்று ஒரு மீன். நம்ம விரால் மாதிரியே வேர், கட்டை, பாசி என்று மறைந்து கிடந்து பாய்ந்து பிடிக்கிற ஜாதி. அதற்கு இரை, உயிரோடு இருக்கிற பொடிமீன். பொடிமீன் எவ்வளவு கனம் இருக்கும்? அதை வீசினால் அது நூலை இழுத்துக்கொண்டு போக வேண்டும். உருளை கனமாகவோ இறுக்கமாகவோ இருந்தால் மீன் காலடியிலேயே விழும். ஓங்கி வீசினாலோ முள்ளிலிருந்து கழன்று அது தனியாகப் பறக்கும். ஆக, ஒரு பொடிமீனின் கனத்துக்கே சுற்றத் தொடங்குகிற உருளை வேண்டும். அவ்வளவு லேசாக அச்சில் சுற்றுகிற சக்கரத்தைச் செய்யத் தெரிந்தவன் அந்த ஊரில் யார்? கடிகாரக்காரன்தான். பெய்ட் என்றால் இரை, காஸ்டிங் என்றால் வீசுவது. பெயரே இந்தப் பொடிமீனிலிருந்து வந்ததுதான்.

ஆனால் பாருங்கள், லேசாகச் சுற்றத் தொடங்குகிற சக்கரம் லேசில் நிற்காது. வரமும் சாபமும் ஒரே அச்சில் மாட்டிக்கொண்டன. இதற்குப் பிறகு இருநூறு வருஷமாக நடந்தது முழுக்க இந்த ஒரு தகராறுதான்: சக்கரம் தாராளமாகவும் சுற்ற வேண்டும், சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டும்.

ஸ்னைடருக்கு அப்புறம் அதே மாநிலத்தின் பிராங்பர்ட் ஊரில் மீக் சகோதரர்கள். ஜோனதன், பெஞ்சமின் என்று இரண்டு பேர், இவர்களும் கடிகாரக்காரர்கள். ஒரு நீதிபதி தன்னுடைய ஸ்னைடர் ரீலைத் தொலைத்துவிட்டு, அதே மாதிரி ஒன்று செய்து தரச் சொல்லி இவர்களிடம் வந்தார், அப்படித்தான் தொழில் தொடங்கியது என்று ஒரு கதை சொல்வார்கள். இவர்களிடம் தொழில் பழகின பெஞ்சமின் மைலம் பின்னால் தனியாகவே பேர் வாங்கினார். கைப்பிடி ஒரு சுற்று, உருளை நாலு சுற்று என்பது இவர்கள் பிடித்த கணக்கு. சில ரீல்களில் கடிகாரம் மாதிரியே அச்சுக்குக் கல் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு திருகையும் அதனதன் துளைக்கென்றே கடைந்து, மாறிப்போகாமல் இருக்க எண் போட்டிருக்கிறார்கள். எங்கள் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு திருகு மிச்சம் வைத்துவிட்டுப் போவார். அவர் ஞாபகம் வந்தது.

அந்த ரீல்களில் பிரேக் என்று எதுவும் கிடையாது. விரல்தான். 1881ல் ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற டாக்டர் பாஸ் மீனைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். கெண்டக்கி ரீல்களின் பூர்வீகம் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம்.

இதை வாசித்த அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. இந்த ரீல்களில் கைப்பிடி பெரும்பாலும் வலது பக்கம்தான் இருக்கும். வலது கைக்காரன் வலது கையால் வீசுவான், உடனே ராடை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சுற்றுவான். பழைய வழக்கம், அப்படியே நின்றுவிட்டது. பையன் எனக்கு வாங்கித் தந்ததும் அதே வலது கைப்பிடி ரீல். அப்படியானால் நான் இடது கையால் வீசினால் என்ன? கை மாற்றுகிற வேலையே இல்லை. வலது கை சுற்றுவதோடு சரி. உணர்ச்சி இல்லாத விரலுக்கு அதில் ஜோலி கிடையாது. ஸ்பூல் மேல் உட்காரப்போவது என் நல்ல இடது கட்டைவிரல்.

மறுநாள் காலையிலேயே களத்துக்குப் போனேன். தவளையைக் கழற்றிவிட்டு நட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டேன். முள் இல்லாமல் தரையில் பழகுவதுதான் புத்திசாலித்தனம், ஆடு கோழி நடமாடுகிற இடம். தரையில் வீசிப் பழகுவது ஒன்றும் கேவலமில்லை. 1893ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் தூண்டில் வீச்சுக்கென்றே போட்டி வைத்திருக்கிறார்கள். விவேகானந்தர் பேசின அதே வருஷம், அதே ஊர். மீனே இல்லாமல், யார் தூரமாக, யார் குறி தவறாமல் வீசுகிறார் என்று மட்டும் பார்ப்பார்கள்.

இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஐம்பது வருஷமாக வேடிக்கை பார்த்தே பழகின கை. மாட்டைப் பிடிக்கும், மண்வெட்டிக் கணையில் ஒத்தாசைக்கு நிற்கும், தனியாக ஒரு வேலையும் செய்ததில்லை. நட்டு ஒரு தடவை பின்னால் போய்க் கூரையில் விழுந்தது. ஒரு தடவை காலடியில் குத்தியது. ஒரு நாளைக்குப் பத்து குருவிக்கூடு. பத்து வீச்சுக்கு அரை மணி நேரம், சிக்கெடுக்க இரண்டு மணி நேரம்.

இந்தப் பகல் கூத்துக்கு நடுவில் ராத்திரி வாசிப்பும் நடந்தது. விரலின் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்க என்னவெல்லாம் செய்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முதலில் நூல் ஒரே இடத்தில் குவியாமல் உருளை முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். முன்பெல்லாம் அதையும் விரலால்தான் தள்ளிவிடுவார்கள். 1890களின் கடைசியில் மிச்சிகன் மாநிலம் கலமசூ ஊரில் ஒருவர், நூலை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகக் கொண்டுபோய் வைக்கிற ஏற்பாட்டோடு ரீல் செய்து விற்றார். அவர் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர். நாடகக்காரர் இல்லை, அதே பெயர், அவ்வளவுதான். அந்த ஏற்பாடு இன்றைக்கு என் ரீலிலும் இருக்கிறது. முன்பக்கம் இடமும் வலமுமாக ஓடுகிற சின்னக் கண்.

அதே மிச்சிகனில் டோவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்று ஒரு தேனீ வளர்ப்பவர். நம்ம இனம், அதனால் கூடுதலாக ஒரு வரி. அவர் மரத்தில் பொய் இரை செதுக்கினார். 1890களின் கடைசியில் அவர் செதுக்கினவற்றில் மரத்தவளையும் உண்டு. எனக்கு மருமகன் வாங்கித் தந்த ரப்பர் தவளைக்கு அதுவும் ஒரு பாட்டன். பொடிமீனைவிட மரத்துண்டு கனம், முள்ளிலிருந்து கழன்றும் போகாது. வீசுவது எல்லோருக்கும் எளிதாயிற்று. நூல் விஷயம்தான் அப்போது பெரிய தொல்லை. பின்னின பட்டு நூல். ஒவ்வொரு நாளும் மீன் பிடித்து வந்ததும் அவிழ்த்துக் காயப்போடாவிட்டால் இற்றுப்போகும். நைலான் வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் விட்டது.

இந்தியானா மாநிலம் சவுத் பெண்ட் ஊரில் செய்த ஒரு ரீலில் குறுக்கே ஒரு கம்பி. நூல் விறைப்பாகப் போகிறவரை அது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும். நூல் தொய்ந்தால் கம்பி இறங்கி உருளைக்குப் பிரேக் போடும். அட, விரல் செய்கிற அதே வேலை! எளிமையான மூளை. ஆனால் ஓயாமல் உரசுகிறதால் தூரம் குறையும்.

சிலர் சண்டையே வேண்டாம் என்று வேறு வழி போனார்கள். இங்கிலாந்தில் பிராட்போர்டு பக்கத்து நூல் மில் குடும்பத்துக்காரர் ஆல்பிரட் இல்லிங்வொர்த், தறிக்கு நூல் கழல்கிற மாதிரி, அசையாத உருளையிலிருந்து நூல் கழல்கிற ரீலுக்கு 1905ல் காப்புரிமை வாங்கினார். முன்னால் சொன்ன ஸ்பின்னிங் ரீல் வளர்ந்தது அந்த வழியில். அமெரிக்காவில் ஆர்.டி. ஹல் என்ற டெக்சாஸ் கடிகாரக்காரர் குருவிக்கூட்டால் நொந்துபோனவர். பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர் நூல்கண்டிலிருந்து இழுத்து இழுத்துக் கட்டுவதையும், கண்டு அசையாமல் இருப்பதையும் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். நம்ம ஊர்ச் செட்டியார் கடையில் தலைக்கு மேலே தொங்குமே, அதே கண்டுதான். அவர் யோசனையை எடுத்துக்கொண்ட கம்பெனி எண்ணெய்க் கிணறுகளில் வெடிக்கிற டைம் பாம் செய்கிற கம்பெனி, ஓக்லஹோமாவின் டல்சாவில். ஜீரோ ஹவர் பாம் கம்பெனி என்று பெயர். 1949ல் அந்த ரீல் வந்தது. பிறகு பெயரைச் சுருக்கி ஜெப்கோ ஆக்கிக்கொண்டார்கள். தூண்டில் பார்சலில் பாம் கம்பெனி என்று இருந்தால் யார் வாங்குவார்கள்?

கவனித்தீர்களா, மறுபடி ஒரு கடிகாரக்காரர். இன்னொன்றும் சொல்கிறேன். சுவீடனில் ஸ்வாங்க்ஸ்டா என்ற கிராமத்தில் 1921ல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ராம் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். பெயர் ஆபு. அதில் 'உர்' என்றால் அவர்கள் மொழியில் கடிகாரம். பாக்கெட் கடிகாரம், டாக்ஸி மீட்டர் செய்தவர்கள் இரண்டாம் உலகப்போர்ச் சமயத்தில் ரீலுக்கு வந்தார்கள். 1952ல் அம்பாசடர் 5000 என்று சிவப்பு நிறத்தில் ஒரு ரீல். நம்ம அம்பாசடர் காருக்கு முந்தின அம்பாசடர். அதன் உருளை வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கிற சின்னஞ்சிறு கட்டைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வேகம் எவ்வளவோ உரசல் அவ்வளவு. வேகம் குறைந்தால் உரசலும் குறையும். வீச்சின் தொடக்கத்தில்தான் பிரேக் வேண்டும், கடைசியில் வேண்டாம் என்பதைப் பொறியே பார்த்துக்கொண்டது.

அதே 1921ல் ஜப்பானில் சகாய் நகரில் சைக்கிள் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கினதுதான் ஷிமானோ. ஐம்பது வருஷம் கழித்து அவர்களும் தூண்டிலுக்கு வந்தார்கள். ரீல் உருண்டையாக இருந்தது போய், உள்ளங்கையில் படிகிற தட்டை வடிவம் ஆனதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

காந்த பிரேக் வந்தது 1980களில். இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஸ்பூல் அலுமினியம், அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதே? அப்புறம் எங்கள் வீட்டில் பழைய கரண்ட் மீட்டர் இருந்தது ஞாபகம் வந்தது. கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு சுற்றுமே, அதன் ஓரத்தில் ஒரு காந்தம் இருக்கும். அலுமினியம் காந்தத்துக்கு முன்னால் நகர்ந்தால் அதற்குள் சுழல் மின்சாரம் உண்டாகி, அதுவே நகர்வைத் தடுக்கும். தொடாமலே பிரேக். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் என்பதால் அங்கே மீட்டர் பார்த்த வழக்கமில்லை, வீட்டு மீட்டர்தான் பாடம் சொன்னது. இப்போது ஸ்பூல் சுற்றுவதிலேயே மின்சாரம் எடுத்து, ஒரு சின்ன சிப்பு கணக்குப் போட்டு பிரேக் பிடிக்கிற ரீல்கூட வந்துவிட்டது. விலை கேட்டால் ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம்.

நம்ம பக்கம் இந்தச் சங்கதி எதுவும் வராமல் இல்லை. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர் 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்று மகசீர் பிடிப்பதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் அந்த ராடும் ரீலும் துரைமார் கையில்தான் இருந்தன. நம்ம ஜனங்களுக்கு வலை, ஊத்தா, மூங்கில் தூண்டில். கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா. சிவகங்கைப் பக்கம் போனால் இன்றைக்கும் ஊத்தாவோடு ஊரே இறங்கும்.

சரி, பழகுகிறவர்களுக்குப் பட்டதைச் சொல்கிறேன், உங்களில் சிலர் வாங்கப்போகிறீர்கள் என்று தெரியும். கைப்பிடிப் பக்கம் சின்னதாக ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கிக்கொண்டு, ராடை நீட்டி, பட்டனை அமுக்கிவிட்டு, இரை தானாக இறங்குகிறதா பாருங்கள். மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் சுற்றாமல் நிற்க வேண்டும். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் கொஞ்சம் இறுக்குங்கள். எதிர்ப்பக்கம் இருக்கிற பிரேக்கை முதல் வாரம் அதிகமாகவே வையுங்கள். தூரம் வராது, வரவேண்டாம். நூலை விளிம்புவரை நிரப்பக் கூடாது, ஒரு நெல் தடிமன் குறைவாக இருக்கட்டும். ஆரம்பத்தில் நைலான் நரம்பே போதும். பின்னல் நூல் சிக்கினால் சிக்கு தலைமுடி மாதிரி. இரை கொஞ்சம் கனமாக, பதினைந்து கிராம் பக்கம் இருந்தால் நல்லது. லேசான இரையை வாங்கிவிட்டு ரீலைத் திட்டாதீர்கள். எதிர்காற்றில் வீசவே வீசாதீர்கள். சாட்டை சொடுக்குகிற மாதிரி வெடுக்கென்று இல்லாமல், ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி விடுங்கள். இரை தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கண் இமைக்கிற நேரம் முன்னால் விரலை அழுத்தி நிறுத்திவிட வேண்டும். மற்ற எல்லா பிரேக்கும் பறக்கும்போதுதான் உதவும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அந்தச் சிப்புக்குத் தெரியாது.

சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். விரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டுப் பிறகு நூலை இழுத்துப் பாருங்கள். பாதிச் சிக்கு அதிலேயே போய்விடும். இதை யாராவது சித்திரையிலேயே எனக்குச் சொல்லியிருந்தால் நாலு பதிவு எழுதியிருப்பேன்.

ஆடி முடிகிறபோது நட்டு களத்தின் மறுகோடி வேப்பமரத்தடிக்குப் போனது. முப்பது தப்படி. அன்றைக்கு ஒரு குருவிக்கூடும் இல்லை. வீசுகிறபோது விரலுக்கடியில் ஸ்பூல் ஓடுகிற கூச்சம் தெரிந்தது, நூல் லேசாகத் தூக்கிக்கொண்டு விரலை வருடினதும் தெரிந்தது, நான் யோசிப்பதற்கு முன்னால் விரல் தானே அழுத்தியது. விரல் நுனியில் அப்படி ஒன்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்ச நேரம் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். புரட்டாசியில் கடலை ஊன்றும்போது இடது கையால் ஊன்றினேன். வரிசை கோணல்தான். ஆனால் ஒவ்வொரு பருப்பும் விழுந்தது தெரிந்தது.

ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிரம்பியது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் பங்காளி முறை. "ஒத்தைத் தூண்டிலா? பிடிச்சுக்குங்க அண்ணே, அதுல என்ன போயிரப் போகுது" என்றார். கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மடைக்குப் பக்கத்தில் நின்று, அல்லி இலைகளுக்கு நடுவில் இருந்த ஒரு திட்டுத் தண்ணீரில் தவளையைப் போட்டேன். மூன்றாவது வீச்சில் தண்ணீர் 'டபுக்'கென்று வாய் பிளந்தது. இலையும் கொடியுமாக இழுத்துக் கரையில் போட்டால், முக்கால் கிலோவுக்குக் குறையாத விரால்.

முள்ளை எடுத்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்தேன். அது பாய்ந்த இடத்தில் செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் ஒன்று மேலே வந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற விரால் அது. பசிக்குத் தவளையைப் பிடிக்கவில்லை, விரட்ட வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போனால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் ராத்திரிக்குள் முடித்துவிடும். ஈரக் கையோடு பிடித்து அதே இடத்தில் விட்டேன்.

வீட்டில் அதற்குள் யாரோ பையன் போய், மாமா பெரிய மீன் பிடிச்சிட்டாரு என்று சொல்லியிருக்கிறான். நான் வெறுங்கையோடு போய் நிற்கிறேன். அம்மியில் மசாலா அரைத்து வைத்தாயிற்று, புளி கரைத்தாயிற்று.

"மீனு எங்கே?"

சொன்னேன். பதில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி கத்திரிக்காய்க் குழம்பு.